மூளைக் கழிவு ஸ்கேன்: விளக்கம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூளை தன் கழிவை எப்படி வெளியேற்றுகிறது என்று தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் மூன்று பேர் மாறி மாறிப் படித்தோம். நல்ல கட்டுரை. ஆனால் அது வந்த அதே வாரம், மூளையில் கழிவு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஒரே ஸ்கேனில் சொல்கிறோம் என "மூளைக் கழிவு ஸ்கேன்" என்று ஒரு தனியார் நிலையத்தின் விளம்பரம் எங்கள் ஊர் வாட்சாப் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. அம்மாவுக்காக முன்பணம் கட்ட என் தம்பி கிளம்பியே விட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 78. ரப்பர் தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் 4 மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார். இப்போது இரண்டு வருடமாக மறதி. போன வருடம் அரசாங்க மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னதும், துளை தூர்ந்துவிடும் என்று ஒரு துண்டு ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டுதான் உள்ளே போனார். படத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இரத்தக் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி விரிந்திருக்கிறது, வயதானவர்களிடம் இது சகஜம், இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார் டாக்டர்.

அந்த இடைவெளிகள்தான் கட்டுரையில் சொன்ன, கழிவு வெளியேறும் வழி. 2012இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு இதை எலிகளிடம் கண்டு, கிளிம்ஃபாட்டிக் மண்டலம் என்று பெயர் வைத்தது. மூளைத் தண்டுவட நீர் தமனிகளின் ஓரமாக உள்ளே இறங்கி, அமிலாய்டு என்ற புரதம் போன்ற கழிவை அலசிக்கொண்டு வெளியேறுகிறது.

சரி, உயிரோடு இருக்கும் மனிதனிடம் இதை எப்படிப் பார்ப்பது? தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடிய கால்வாய் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க, அம்மா ஓர் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு அது எப்போது கோடிக்குப் போய்ச் சேர்கிறது என்று நின்று பார்ப்பார். நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள் 2017இல் செய்ததும் அதைத்தான். கீழ்முதுகில் ஊசி போட்டு, தண்டுவட நீரில், படத்தில் பளிச்சென்று தெரியும் காடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்தி, மறுநாள் வரை அதே தலையைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்கள். மூளையில் நீர் கோத்து, மறதியும் நடைத் தடுமாற்றமும் வந்தவர்களிடம் அந்த மருந்து வெளியேறத் தாமதமானது. ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களிடமும் அது கூடுதலாகத் தங்கியதாகவும், மறுநாள் இரவு தூங்கியும் அது ஈடாகவில்லை என்றும் 2021இல் அங்கிருந்தே வந்த ஆய்வு சொல்கிறது. அம்மாவின் அத்தனை விடியற்காலைகளையும் நினைத்துக்கொண்டேன். ஆனால் அது மிகச் சிலரிடம் செய்த ஆய்வு. அதனால்தான் அம்மாவுக்கு மறதி வந்தது என்று நான் சொல்ல வரவில்லை.

ஊசி இல்லாமலும் பார்க்கிறார்கள். பாஸ்டனில் 2019இல், எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே ஆட்களைத் தூங்க வைத்து, வேகமாகப் படம் எடுத்தார்கள். அந்த இரைச்சலில் எப்படித்தான் தூங்கினார்களோ! தூக்கம் ஆழமானதும் மூளையிலிருந்து கொஞ்சம் இரத்தம் விலக, அந்த இடத்துக்குத் தண்டுவட நீர் அலையாக வந்தது. சுமார் 20 நொடிக்கு ஓர் அலை. இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஜப்பானில் தாவோகா என்ற மருத்துவரின் குழு 2017இல், நீர் எந்தத் திசையில் பரவுகிறது என்பதை வைத்து ஒரு கணக்கு முறை கொண்டுவந்தது. ஆனால் அது மூளையின் ஓர் இடத்தை மட்டும் அளக்கிறது. அது உண்மையிலேயே கழிவு வெளியேறுவதைத்தான் அளக்கிறதா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது: தூக்கத்தில் கழிவு அதிகமாக வெளியேறுகிறது என்ற கருத்துக்கு மறுப்பும் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2024இல் எலிகளிடம் சோதித்துவிட்டு, தூக்கத்தில் இந்த வெளியேற்றம் கூடவில்லை, குறைகிறது என்றார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இந்த நிலையில், கழிவு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஒரே ஸ்கேனில் சொல்கிறோம் என்பது எந்த நியாயம்? சாதாரண எம்.ஆர்.ஐ. அந்த வழி விரிந்திருப்பதைக் காட்டும், கட்டி இருக்கிறதா, பக்கவாதம் வந்திருக்கிறதா என்று காட்டும். அதற்காக டாக்டர் எடுக்கச் சொன்னால் கட்டாயம் எடுக்க வேண்டும். கழிவுக்கு அதில் அளவு கிடையாது. செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலை ஷிப்டிலும் மாடாய் உழைத்துச் சேர்த்த பணம், அப்பா அம்மாவின் மறதியைக் கண்டு பயந்த பிள்ளைகளிடமிருந்து இப்படிப் போகக்கூடாது.

நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் கதிரியக்க மருத்துவர் ஒருவரையும் கேட்டு, எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தமிழில் அரைப் பக்கமாவது போடுங்கள். தம்பியைத் தடுத்துவிட்டேன். அதே குழுவில் இருக்கும் மற்றவர்கள் பணம் கட்டுவதற்குள் இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
பாடாங் செராய், கெடா.