தங்கை மகளுக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

"மே மாசம் பத்து நாள் எங்க வீட்டுக்கு வர்றா, அவளுக்கு என்னென்ன கொடுக்கக் கூடாது?" என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கக் கூடாதவை மிகக் குறைவு. கொடுத்தே ஆக வேண்டியது ஒன்று உண்டு, இன்சுலின். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எட்டு வயதுக் குழந்தைக்கு வந்திருக்கும் இந்த டைப் 1, உங்கள் வீட்டுக்காரருக்கு இருக்கும் சர்க்கரை அல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. லட்டு தின்று வந்ததில்லை, யாரும் செல்லம் கொடுத்து வந்ததில்லை. "அப்பவே சொன்னேன்" என்று தங்கையிடம் யாரும் ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை இதற்குப் போதாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனர்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் தள்ளிப்போட முடிந்தது.

நான் அதிகம் பயப்படுவது இனிப்புக்கு அல்ல, நாட்டு மருந்துக்கு. ஊசி ஆரம்பித்த சில வாரங்களில் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சம் தேறி, இன்சுலின் தேவை சட்டென்று குறையும். டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில மாதம் இருக்கும், பிறகு போய்விடும். அந்த நேரத்தில் யாராவது பாகற்காய்ச் சாறு கொடுத்திருந்தால் புகழெல்லாம் பாகற்காய்க்குப் போய்விடும். "குணமாயிடுச்சு, ஊசியை நிறுத்திடலாம்" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி, குழந்தை ஐசியூவில்தான் கண் விழிக்கும். டோஸைக் குறைப்பது டாக்டர் வேலை. முழுதாக நிறுத்துவது யார் வேலையும் அல்ல.

அவளுக்கு இரண்டு இன்சுலின் பென் (பேனா மாதிரி இருக்கும் ஊசிக் கருவி) இருக்கும். ஒன்று நாள் முழுக்க வேலை செய்வது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தினமும் அதே நேரத்துக்குப் போட வேண்டும். மற்றது சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பு போடுவது. பென்னில் ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, 2 யூனிட்டைக் காற்றில் அழுத்தி ஒரு துளி வருகிறதா என்று பாருங்கள். குத்தி முழுவதும் அழுத்திய பிறகு பத்து எண்ணிவிட்டு எடுங்கள். வயிறு, தொடை என்று இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்தில் போட்டால் அங்கே கட்டி தட்டும், மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது.

பென் உடைந்துவிட்டால் பக்கத்துக் கடையில் பாட்டில் வாங்கி சமாளிக்க நினைப்பீர்கள். கவனம். பென்னுக்குள் இருக்கும் மருந்துக் குப்பியான கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாட்டில் பெரும்பாலும் 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. கார்ட்ரிட்ஜ் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். அதனால் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுக்கவே வேண்டாம். அவசரத்துக்கு வாங்கும் மருந்து எதுவாக இருந்தாலும், முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

திறக்காத மருந்து ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கட்டும், ஃப்ரீசர் பக்கம் வேண்டாம். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பின் பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். ஓடிக்கொண்டிருக்கும் பென் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் ஊர் மே மாத வெயிலில் அந்த 30 எங்கே கிடைக்கும்? தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் ஒரு சின்னச் சட்டியை மிதக்க விட்டு, பென்னை அதில் வையுங்கள், நனையக் கூடாது.

சாப்பாட்டில் உங்களுக்கு வேண்டியது ஒரு சமையல் தராசு. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. உங்கள் வீட்டுக் கரண்டி ஒன்றுக்கு எத்தனை கிராம் சோறு என்று ஒருநாள் நிறுத்துப் பார்த்தால் போதும். டாக்டர் சீட்டில் 15 கிராமுக்கு 1 யூனிட் என்று இருந்தால், 150 கிராம் சோற்றுக்கு, அதாவது 42 கிராம் மாவுச்சத்துக்கு, ஏறக்குறைய 3 யூனிட். பாயசம் கேட்டால் அதையும் கணக்கில் சேர்த்துக் கொடுங்கள், ஒளித்துத் தின்னப் பழக்காதீர்கள். கல்யாண வீட்டில் மட்டும் 15 நிமிடக் கணக்கை மறந்துவிடுங்கள். ஊசி போட்ட பிறகு பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்கும் குழந்தைக்கு லோ சுகர் வந்துவிடும். இலையில் சோறு விழுந்த பிறகே ஊசி.

லோ என்றால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே. வியர்க்கும், கை நடுங்கும், காரணமே இல்லாமல் சிடுசிடுப்பாள். "அடம் பிடிக்கிறா" என்று திட்டும் முன் விரலைக் குத்திப் பாருங்கள். மாம்பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால் பொய்யாக அதிகம் காட்டும். 24 கிலோ இருக்கும் அவளுக்கு 7 கிராம் போதும், ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை அரை டம்ளர் தண்ணீரில். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் திரும்ப அதே அளவு. இந்தப் பதினைந்து நிமிடம்தான் கஷ்டம். பாட்டி ஒரு லட்டு, மாமா ஒரு ஜூஸ் என்று ஆளுக்கொன்று கொடுத்து 300-க்கு ஏற்றிவிடுவார்கள். மாலையில் ஓடி ஆடி விளையாடிய நாளில் நள்ளிரவிலும் இறங்கலாம், அலாரம் வைத்து இரவு இரண்டு மணிக்கு எழுந்து பாருங்கள்.

நினைவு இல்லை, வலிப்பு வருகிறது என்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், தண்ணீர்கூட. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்தால் 0.5 மி.கி. போட்டு (25 கிலோவுக்குக் கீழே அதுதான் அளவு), 108-ஐக் கூப்பிடுங்கள். கலக்கும் விதத்தைத் தங்கையிடம் முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாந்தி. "ஒண்ணும் சாப்பிடலையே" என்று இன்சுலினை விடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. காய்ச்சலில் தேவை பெரும்பாலும் கூடும், வாந்தியில் சில சமயம் குறையவும் செய்யும். அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்க வேலை செய்யும் ஊசியை மட்டும் விடாதீர்கள். சர்க்கரை 250-க்கு மேல் இருந்தால் சிறுநீரில் கீட்டோன் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பாருங்கள். நிறம் கருஞ்சிவப்பாக, ஊதாவாக மாறினால் டாக்டருக்கு உடனே போன். வயிற்றுவலி, நீளமாக இழுத்து விடும் மூச்சு, மூச்சில் அழுகிய பழ வாடை இருந்தால் போன்கூட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. உள்ளே நுழைந்ததும் "டைப் 1" என்று முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வயிற்றுக் கோளாறு என்று எண்ணி குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிவிடுவார்கள்.