மனுப் போட்டவர்கள் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் காங்கிரஸின் ஆரம்ப காலம் பற்றி வந்த கட்டுரையில், மிதவாதிகள், அதாவது சட்டத்துக்கு உட்பட்டுப் பேசியே உரிமை கேட்ட அன்றைய தலைவர்கள், மனுப் போட்டுக் கும்பிட்டதைத் தவிர ஒன்றும் சாதிக்கவில்லை என்று ஒரு வரி. எழுதியவர் இளைஞராக இருக்கலாம், விடுங்கள். அச்சுக்குப் போகும் முன் தாங்களும் அதைப் படித்திருப்பீர்களே, அதுதான் உறுத்துகிறது.

தங்களுக்குத் தெரியாததா? 1888இல் மணங்குக்கு (சுமார் 37 கிலோ) இரண்டரை ரூபாயாக ஏறிய உப்பு வரி, 1903, 1905, 1907 என்று மூன்று தடவையாக இறங்கி ஒரு ரூபாய்க்கு வந்தது. வைஸ்ராயின் சட்டசபையில் 1902 பட்ஜெட் விவாதம் தொடங்கி மிதவாதத் தலைவர் கோகலே அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கஜானாவில் உபரி இருந்தது, வெள்ளைக்காரன் குறைத்தான் என்பீர்கள். அந்த உபரி நாட்டின் செழிப்பால் வந்ததல்ல, அதிக வரியால் வந்தது என்று சபையிலேயே கணக்கு வைத்துக் காட்டியவர் யாராம்?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பக் கூடாது என்று 1910 பிப்ரவரியில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை அரசே ஏற்றது. 1911 ஜூலையோடு அனுப்புவது நின்றது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய நம் ஜனங்களுக்கு இது சின்ன விஷயமா?

31 வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். ஒரு விடைத்தாள் திருத்தும் முகாமில், ஒரு மாணவி இந்த நேட்டால் தீர்மானத்தை எழுதியிருந்தாள். ஆண்டுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள், பாவம். பக்கத்து மேசைக்காரர் சிவப்பு மையால் ஒரே அடி. கேட்டால், "விடைக்குறிப்பில் இல்லையே சார்!" அரை மணி நேரம் மல்லுக்கட்டி அரை மதிப்பெண் வாங்கிக் கொடுத்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். இப்போது தங்கள் பத்திரிகையும் அதே விடைக்குறிப்பை வைத்துத்தான் திருத்துகிறது போலிருக்கிறது.

கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதா 1912 மார்ச்சில் 38க்கு 13 என்று தோற்றது, உண்மை. தோற்கும் என்று தெரிந்தே அன்று கோகலே பேசினார். கல்வியை அடிப்படை உரிமையாக்கும் திருத்தத்துக்கு நாம் 2002 வரை காத்திருந்தோம். யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

விசாரணையில்லாமல் ஆளைச் சிறையில் வைக்க வழிசெய்த ரௌலட் மசோதாவை 1919இல் சபையில் எழுந்து எதிர்த்தவர்களில் ஒருவர் மிதவாதியான நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. சட்டம் நிறைவேறிவிட்டது. அதை நீக்கச் சொன்ன குழுவுக்குத் தலைவர் இன்னொரு மிதவாதியான தேஜ் பகதூர் சாப்ரு, 1922இல் நீங்கியது. அதற்குள் இருவரும் காங்கிரஸை விட்டு, மிதவாதிகள் தனியாகத் தொடங்கிய லிபரல் கட்சிப் பக்கம் போயிருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள் மாறவில்லையே.

மூன்று வருடத்துக்கு முன் இதே விஷயமாக நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் பெரிய மனதோடு பிரசுரித்தீர்கள். பாதியை வெட்டியிருந்தீர்கள். மிஞ்சியது, கோகலே நல்லவர் என்கிற அளவில் இருந்தது. அதைச் சொல்ல நான் எதற்கு?

இந்தத் தடவை கடிதம் வராவிட்டாலும் பரவாயில்லை. திருத்தம் பகுதியில் இரண்டு வரி போட்டால் போதும். ஆண்டுகளை மட்டும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். போன தடவை 1912 என்பது 1921 ஆகியிருந்தது. அதில் கோகலே எழுந்து பேசுவதாக வேறு இருந்தது. அவர் 1915லேயே காலமாகிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்