மெர்ட்டனுக்கு மூன்று பக்கம், சக்கர்மேனுக்கு அரை வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ராபர்ட் மெர்ட்டன் பற்றிய கட்டுரையைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். சமூகவியல்காரர் ஒருவருக்குத் தமிழ்ப் பத்திரிகையில் மூன்று பக்கம் கிடைப்பது சாமானியமா? கடைசிப் பக்கத்தில், ஏற்கெனவே பேர்பெற்றவருக்கே புகழும் சேர்கிறது என்கிற 'மத்தேயு விளைவு' ஆய்வில் "அவரது மனைவி ஹாரியட் சக்கர்மேனும் உதவினார்" என்று ஒரு வரி. அதற்குமேல் படிக்க மனம் ஓடவில்லை.

அந்த ஆய்வுக் கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வந்தது 1968-இல். அவர்கள் திருமணம் செய்துகொண்டது 1993-இல். இருபத்தைந்து வருடம் முந்தியே தாலி கட்டி வைத்துவிட்டீர்கள். உங்கள் நல்ல மனசு.

அடுத்தது, அந்த 'உதவி'. அமெரிக்காவில் இருந்த நோபல் விஞ்ஞானிகளைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தவரே சக்கர்மேன்தான். 1965-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் வாங்கியதும் அந்த ஆய்வுக்குத்தான். பேர்பெற்றவரும் பேர் தெரியாதவரும் சேர்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தால் புகழ் முழுவதும் பேர்பெற்றவருக்கே போகிறது என்று அந்த விஞ்ஞானிகளே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற மத்தேயு சுவிசேஷ வசனத்திலிருந்து மெர்ட்டன் அதற்கு 'மத்தேயு விளைவு' என்று பெயர் வைத்தார். அந்த 1968 கட்டுரையிலோ மெர்ட்டன் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் மனிதர் நேர்மையானவர். சக்கர்மேன் திரட்டியதை அவ்வளவு எடுத்தாண்டிருக்கிறேன், இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அடிக்குறிப்பில் எழுதிவிட்டார். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாதது அல்ல. பிறகு ஏன் அந்த வரியை விட்டுவைத்தீர்கள் என்பதுதான் விளங்கவில்லை.

இடமில்லை என்று சொல்லாதீர்கள். மெர்ட்டன் 1957-இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத் தலைவர், 1994-இல் தேசிய அறிவியல் பதக்கம் பெற்ற முதல் சமூகவியலாளர், 1997-இல் மகனுக்குப் பொருளாதார நோபல் என்று ஒன்று விடவில்லை. சிறுவயதில் மேஜிக் செய்யப்போய் மேயர் ஷ்கோல்னிக் என்ற பெயரை மாற்றிக்கொண்ட கதைக்கு ஒரு பத்தியே இருக்கிறது. அது எனக்கும் பிடித்த கதைதான். நோபல் விஞ்ஞானிகளைப் பற்றி 1977-இல் தனிப் புத்தகம் போட்டு, கொலம்பியாவில் துறைத் தலைவராகவும் இருந்த பெண்மணிக்கு மட்டும் அரை வரி! பெண்கள் செய்த ஆய்வு ஆண்கள் கணக்கில் ஏறுவதற்கு அறிவியல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் 'மெட்டில்டா விளைவு' என்று பெயர் வைத்ததும் அவர்கள் திருமணம் நடந்த அதே 1993-இல்தான். அதற்கும் தங்களிடம் இடம் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கொண்டு வருகிறது என்று கேட்கலாம். பிஎச்.டி.க்காகச் சென்னிமலைப் பக்கம் தறிக்காரர் வீடுகளில் அலைந்தவள் நான். தறி ஓடும்போது கேட்டால் காதில் விழாது. இழை அறுந்து, அவர்கள் முடிச்சுப் போடுகிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்; அடுத்த கேள்விக்கு அடுத்த இழை அறுகிறவரை தறிக்குழி ஓரத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்த அட்டவணைகள் என் கைடு பெயரில் கட்டுரையாக வந்தன. கடைசியில் எனக்கு நன்றி போட்டிருந்தார், இனிஷியலைத் தப்பாகப் போட்டு. வைவா தேர்வுக்கு அவர் கையெழுத்து வேண்டுமே, வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் அடிக்குறிப்பு எதுவும் எழுதவில்லை.

தங்கள் பத்திரிகையும் சளைத்ததல்ல. மகளிர் தினச் சிறப்பிதழில் பெண் விஞ்ஞானியிடம் சமையல் யார் செய்வார்கள் என்று கேட்டீர்கள். அதைக் கண்டித்து நான் எழுதிய கடிதத்தில் கண்டனத்தை வெட்டிவிட்டு, 'இதழ் அருமை' என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். இந்த முறை 'அருமை' என்று எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும்: 1968-இல் சக்கர்மேன் மெர்ட்டனின் மனைவி அல்லர், அந்தக் கட்டுரை இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்பது மெர்ட்டனே சொன்னது. ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகவியல் பேராசிரியை,
ஈரோடு