ஏற்காட்டு இளைஞர்களுக்கு ஒரு கயிறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவலர் தேர்வுக்கு ஆயத்தமாவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்துத் தேர்வைப் பற்றி அதில் விரிவாக எழுதியிருந்தார்கள். உடற்திறன் தேர்வு இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது. சேர்வராயன் மலையில் பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், எங்கள் பிள்ளைகள் இடறி விழுவது அந்த இரண்டு வரிகளில்தான் என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்று 18 வயது நிறைந்தவர்கள் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்த் தகுதித் தேர்வில் 80-க்கு 32 மதிப்பெண் எடுத்தால்தான் 70 மதிப்பெண்ணுக்கான முதன்மைத் தாள் திருத்தப்படும். இதற்குச் சேலம் கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் போன்ற இலவச வகுப்புகள் துணை நிற்கின்றன. பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு வீட்டிலும் படித்துவிட முடிகிறது.

அடுத்த கட்டத்தில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். நாகலூரிலிருந்தும் வெள்ளக்கடையிலிருந்தும் மேடு பள்ளம் பாராமல் நடந்தே பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிறகு வருவது கயிறு ஏறுதல். திறனை இதில் நட்சத்திரம் என்ற தரநிலையால் அளக்கிறார்கள்: 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. நீளம் அல்லது உயரம் தாண்டுதலும், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டமும் இதனுடன் சேர்ந்து உடற்திறனுக்கு மொத்தம் 24 மதிப்பெண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரமாவது பெறாதவர் வெளியேற வேண்டியதுதான்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஓட்டத்தில் தம் குழுவில் முதலாவதாக வந்தும், கயிற்றில் பாதிக்குச் சற்று மேலே ஏறியபோது கைப்பிடி நழுவி இறங்கிவிட்டார். அவர் கையில் வலு இல்லாமல் இல்லை. காப்பித் தோட்டத்தில் மூட்டை சுமக்கும் கை அது. அவ்வளவு தடித்த கயிற்றை அவர் தொட்டதே அன்றுதான். தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் கிணற்றுக் கயிற்றைக் கட்டித்தான் நான் அவருக்குப் பயிற்சி அளித்திருந்தேன். மெல்லிய கயிற்றில் பழகிய பிடி தடித்த கயிற்றில் நிற்காது, கையின் இழுப்போடு காலும் சேர்ந்து உடலை உந்தும் முறையும் அதில் வேறு என்பதை முன்கூட்டியே சிந்திக்காமல் போனது என் தவறு என்று இன்றும் வருந்துகிறேன்.

சேலம் நகரத்து இளைஞர் காலையில் மைதானத்துக்குப் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வேலைக்குப் போகலாம். மலையிலிருந்து வருபவரோ 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி ஏற வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். காவலராக விரும்பும் பெண்களுக்குக் கயிறு ஏறுதல் இல்லையென்றாலும், நீளம் தாண்டப் பழகுவதற்கு மணல் நிரப்பிய குழி வேண்டும். அதற்கும் இங்கு வழியில்லை.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திற்கும் காவல்துறைக்கும் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள். ஏற்காட்டில் அரசுப் பள்ளி மைதானம் ஒன்றில் உறுதியான இரும்புச் சட்டம் நிறுத்தி, தேர்வில் பயன்படும் அதே தடிமனில் ஒரு கயிறும், அதன் கீழே மணல் மெத்தையும், பக்கத்தில் ஒரு தாண்டுகுழியும் அமைத்துத் தர வேண்டும். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயுதப்படைக் காவலர் ஒருவர் மேலே வந்து சொல்லிக் கொடுத்தால் போதும். அறிவிக்கை வந்தபின் கயிறு கட்டிப் பயனில்லை. உள்ளங்கை காய்த்துப் பிடி நிலைக்கவே சில மாதங்கள் ஆகும். அடுத்த தேர்வுக்காக மூன்று பேர் இப்போதும் அந்தச் சில்வர் ஓக் மரத்தடிக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.