கோணி நனைப்பதற்கு முன்னால்

காசிமேடு,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

கோழி ஒன்று செத்துப்போனதைச் சொல்லி நேற்று போனில் நீ அழுததிலிருந்து அம்மாவுக்கு மனசே சரியில்லை. "ஒரு கோழிக்கா இவ்வளவு?" என்று மாப்பிள்ளை பின்னாலிருந்து சொன்னது எனக்கும் கேட்டது. அவர் கோழி வளர்த்தவர் இல்லை, விடு. போனில் பேச ஆரம்பித்தால் பேரன் பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.

"அம்மா கோழிக்கூட்டில் கோணியை நனைத்துக் கட்டுவாளே, அது அமெரிக்காவில் எங்கள் ஃபீனிக்ஸின் பாலைவன வெயிலில் உதவுமா?" என்று கேட்டாய். உதவும், ஆனால் எல்லா நாளும் உதவாது.

2003 மே மாதம் உனக்கு நினைவிருக்கும். 31ஆம் தேதி மெட்ராஸில் 45 டிகிரி. கடல் நம் தெருமுனையில்தான், ஆனால் மதியம் தாண்டியும் கடல்காற்று எட்டிப் பார்க்கவில்லை. மேற்கிலிருந்து அனல்தான் அடித்தது. தகரக் கூரைக்குக் கீழே அம்மாவின் ஐந்து கோழிகளும் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றன. ஐஸ் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த நான் பெரிய புத்திசாலி மாதிரி, பக்கெட்டில் ஐஸை உடைத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ரொம்பத் துவண்டிருந்த சாம்பல் நிறப் பெட்டையைக் கழுத்து வரை முக்கினேன். ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான். வெயிலில் செத்ததா, என் ஐஸில் செத்ததா என்ற வழக்கு நம் வீட்டில் இன்னும் முடியவில்லை. மீதி நான்கையும் அம்மா ஈரக்கோணி கட்டிய பக்கம் ஓட்டிவிட்டாள். நான்கும் பிழைத்தன.

அடுத்த வருஷம் கத்திரியில் அதே கோணியைக் கட்டினாள். அந்த வாரம் முழுக்கப் பிசுபிசுப்பு. காலையில் நனைத்த கோணி மதியம் வரை காயவில்லை, கூட்டுக்குள் புழுக்கம்தான் ஏறியது. அம்மா கோணியைத் திட்டினாள். எனக்கு இது கம்பெனியில் தினம் பார்க்கிற சங்கதி. ஐஸ் மெஷினின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டன்சர் குழாய்கள் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். காற்று காய்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது குழாயின் சூட்டையும் வாங்கிக்கொண்டு போகும். புழுங்குகிற நாளில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சூடு சரியாக இறங்காது, பிரஷர் ஏறும், ஐஸ் பார் உறைய நேரமாகும், போட்காரர்கள் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள்.

கோழியும் அந்தக் கண்டன்சர் மாதிரிதான். அதற்கு வியர்க்காது. உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரியைத் தாண்டும். கொண்டை, தாடி, கால் வழியாகக் கொஞ்சம் சூடு போகும். வெளிக்காற்று அதன் உடம்பைவிடச் சூடாகிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகும். அப்புறம் தொண்டையைப் படபடவென்று அடித்து மூச்சிலேயே ஈரத்தை வெளியேற்றுவதுதான் மிச்சம். முட்டை ஓடு காகிதம் மாதிரி இருக்கிறது என்றாயே, அதுவும் இந்த இரைப்பால் வருவதுதான். மூச்சோடு கரியமிலவாயு அளவுக்கு மேல் போய்விடுகிறது, ஓடு கட்ட அது வேண்டும். கிளிஞ்சல் மட்டும் போட்டுச் சரிசெய்ய முடியாது.

நாங்கள் 45 டிகிரி அடித்த அந்த ஒரு நாளை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஃபீனிக்ஸில் 2023-ல் 31 நாள் விடாமல் 43-க்கு மேல் போனது. அதனால் சொல்கிறேன், ஜூனில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும்போது கோணியும் கட்டு, நீ வாங்கிய, தண்ணீரைப் பனி மாதிரித் தூவுகிற மிஸ்ட் குழாயையும் விடு. காற்று நுழைகிற பக்கம் கட்ட வேண்டும். கூட்டை நாலு பக்கமும் மூடிவிடாதே. ஜூலையில் புழுதிப்புயலும் மேகமும் வரத் தொடங்கினால் உன் ஊர் காசிமேடு ஆகிவிடும். அப்போது மிஸ்ட்டை நிறுத்திவிட்டு நிழலையும் ஃபேனையும் நம்பு. எந்த நாள் எப்படி என்று சந்தேகமாக இருந்தால், ஒரு துணியை நனைத்து நிழலில் காற்றுப்படத் தொங்கவிடு. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக, ஈரம் போகாமல் கிடந்தால் அன்றைக்குக் கோணி வேண்டாம்.

நனைந்த எச்சத்தை மட்டும் விட்டு வைக்காதே. அதில் கிளம்புவது அம்மோனியா, எங்கள் கம்பெனிக் குழாய்க்குள் ஓடியதும் அதுதான். கூட்டுக்குள் கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பார். உன் கண் எரிந்தால் கோழிக்கும் எரியும், உடனே வாரிப் போடு.

தண்ணீர்ச் சட்டி நிழலில் இருக்கட்டும், ஒன்றுக்கு இரண்டாக. வெயிலில் கிடக்கிற ஹோஸ் பைப்பில் முதலில் வருவது வெந்நீர், கையே சுட்டுவிடும், அதைக் கீழே விட்டுவிட்டுப் பிடி. பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து அப்படியே சட்டியில் போடு. சின்னச் சின்னக் கட்டியாகப் போட்டால் போட்ட வேகத்தில் கரையும், பெரிய கட்டி தாங்கும். அந்த வேலையில்தான் உன்னைப் படிக்கவைத்தேன், நம்பலாம். தீனி விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும். மதியம் தின்றால் செரிக்கிற சூடு வேறு சேரும்.

துவண்ட கோழியை ஐஸில் முக்காதே. நிழலுக்குத் தூக்கிப் போய், சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் கால் நனைய நிற்கவை, போதும்.

எந்தக் கோழி போனது என்று நீ சொல்லவே இல்லையே. பேரன் மடியில் வைத்துப் படம் எடுத்தானே, உடம்பெல்லாம் பொசுபொசுவென்று முடி வைத்த அந்தப் பொன்னிறக் கோழியா? அவனிடம் என்ன சொன்னாய்?

இப்படிக்கு,
அப்பா