நகர மையத்தில் அலுவலகம் நடத்தும் நிர்வாகிகளுக்கு: மதியத்தில் எங்களைத் தெருவுக்கு விடுங்கள்

வணக்கம்.

நகரத்தின் நடுவில் அலுவலகம் வைத்திருக்கிறீர்கள். புறநகரில் இதைவிடக் குறைந்த வாடகைக்கு இடம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆள் எடுக்கும் விளம்பரங்களில் இந்த முகவரியைத்தான் முதலில் போடுகிறீர்கள். நடக்கும் தூரத்தில் உணவகங்கள், கடைகள், வேலை முடிந்ததும் உட்கார்ந்து பேச மதுக்கூடங்கள் என்று அதன்கீழே எழுதுகிறீர்கள். வேலையில் சேர்ந்ததும் கையில் தரும் விதிமுறைத் தாளில் மதிய இடைவேளை அரை மணி நேரம் என்று இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

கணக்காகவே பார்த்துவிடலாம். உயரமான கட்டடத்தில் லிஃப்டுக்குக் காத்திருந்து இறங்கவும், திரும்பி ஏறி இருக்கைக்கு வரவும் 10 நிமிடம் போய்விடும். எவ்வளவு அவசரமாகச் சாப்பிட்டாலும் 15 நிமிடம் ஆகும். மிச்சம் ஐந்து நிமிடம். போக இரண்டரை, வர இரண்டரை. சாதாரண நடையில் ஒருவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் போவார் என்று வைத்துக்கொண்டால், 200 மீட்டருக்குள் இருப்பது மட்டுமே எங்களுக்கு நகரம். அதன் பரப்பு சுமார் 12.5 ஹெக்டேர். இடைவேளையை 45 நிமிடமாக்கிப் பாருங்கள். சாப்பாட்டுக்கு 20 நிமிடம் எடுத்துக்கொண்டாலும் நடக்க 15 நிமிடம் இருக்கும். 600 மீட்டர் வரை போய் வரலாம். பரப்பு 110 ஹெக்டேரைத் தாண்டும். நீங்கள் கூட்டித் தந்தது கால் மணி நேரம், எங்களுக்குக் கிடைத்தது ஒன்பது மடங்கு நகரம். முழுதாக ஒரு மணி நேரம் தந்தால், 25 நிமிடம் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் தொலைவு வரை போய் வரமுடியும். அது 25 மடங்கு. தெருக்கள் நேர்கோட்டில் போவதில்லை, சிக்னலில் நிற்க வேண்டும், உண்மையில் எட்டும் பரப்பு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குறைவு மூன்று கணக்குக்கும் பொதுவானது.

அந்த முதல் 200 மீட்டரில் என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய அலுவலகங்களின் வாசலை ஒட்டிய கடைகளுக்கு வாடகை மிக அதிகம். அதைத் தாங்கக்கூடியவை பெரும்பாலும் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள்தாம். அவற்றின்மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. அவசர நாளில் அவை உதவுகின்றன. ஆனால் எந்த நகர மையத்துக்குப் போனாலும் அதே பெயர்ப்பலகை, அதே உணவுப் பட்டியல், அதே சுவை. ஒரு குடும்பமே நின்று நடத்தும் சாப்பாட்டுக்கடை, பழைய புத்தகக்கடை, தையல்காரர், சாவி செய்பவர், பத்துப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய மதுக்கூடம், இவையெல்லாம் முதன்மைச் சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே தள்ளியிருக்கும். சில மாடிப்படி ஏறிப் போகும் இடத்தில் இருக்கும், சில தரைக்குக் கீழே இருக்கும். வாடகை அங்கேதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. அரை மணி நேர இடைவேளையில் எங்களால் அதுவரை போய்த் திரும்ப முடியாது.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்குக் கீழே, கைகளை விரித்தால் இரு சுவரும் தொடும் அளவுக்கு இடம். ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு, பின்மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறப்பார். பேட்டரியை மாற்றிவிட்டு உடனே மூடிவிட மாட்டார். மூடியின் ரப்பர் வளையத்தை விரல் நுனியில் எடுத்துப் பார்ப்பார். அது உப்பியோ வெடித்தோ இருந்தால், இதை மாற்றாவிட்டால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே போய்விடும் என்பார். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அவர் கடை திறக்கும்போது நாங்கள் அலுவலகத்துக்குள் இருக்கிறோம், நாங்கள் வெளியே வரும்போது அவர் கதவை இறக்கிவிட்டிருக்கிறார். இப்படிப்பட்டவர்களின் கடைநேரமும் எங்கள் ஓய்வு நேரமும் சந்திப்பது மதியத்தில் மட்டும்தான். அந்தச் சந்திப்பு நடக்காததால், ஒரு ரப்பர் வளையத்தில் சரியாகிவிடும் கடிகாரம் வீட்டு மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

நகர மையத்தை ஒருவர் தெரிந்துகொள்வது இப்படிச் சின்னச் சின்னத் தேவைகளின் வழியாகத்தான். புதிதாகச் சேரும் இளையவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, முதல் சில வாரங்கள் ஒரே இடத்தில் இரண்டாம் முறை சாப்பிடாதீர்கள் என்பது. வாசலில் நிற்கும் காவலாளியிடமும், தளத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாவிடமும், கடிதம் கொண்டுவருபவரிடமும் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் குறைந்த சம்பளத்தில் தினமும் வெளியே சாப்பிடுகிறவர்கள். எந்தச் சமையலறை சுத்தமானது, எங்கே அளவு நிறைவாக இருக்கும், எங்கே பன்னிரண்டரைக்குப் பிறகு இடம் கிடைக்காது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். போகும் வழியில் வராதீர்கள், வேறு தெரு வழியாகத் திரும்புங்கள் என்றும் சொல்வதுண்டு. ஆர்வத்தோடு கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டு மாதத்தில் பெரும்பாலானோர் வாசலுக்கு எதிரே உள்ள ஒரே இடத்தில் பொட்டலம் வாங்கிவந்து, திரையைப் பார்த்தபடி சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். சோம்பலால் அல்ல, வேறு எதற்கும் நேரம் இல்லாததால்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதைச் சிறிய விஷயமாக எல்லா நாடுகளும் எடுத்துக்கொள்ளவில்லை. பிரான்சின் தொழிலாளர் சட்டம் வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிடுவதைத் தடை செய்கிறது; தொற்றுக்காலத்தில், 2021-இல், அதைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியிருந்தது. அதே நாட்டில் 1967 முதல் உணவுச் சீட்டு முறையும் சட்டப்படி நடப்பில் இருக்கிறது. சீட்டின் மதிப்பில் 50 முதல் 60 விழுக்காடு வரை முதலாளி தருகிறார், மீதி ஊழியருடையது. அதைக் கொண்டு அக்கம்பக்கத்து உணவகங்களில் சாப்பிடலாம். ஊழியருக்கு நிறுவனம் செய்யும் செலவு அப்படியே தெருவுக்குப் போய்ச் சேருகிறது.

உங்களில் பலர் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கட்டடத்துக்குள்ளேயே கேன்டீன், இலவசச் சாப்பாடு, சிற்றுண்டி, காபி இயந்திரம். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விளைவு என்ன என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மவுண்டன் வியூ நகராட்சி பார்த்துவிட்டது. 2014-இல் ஒரு புதிய வளாகத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, அங்கு வரும் நிறுவனம் ஊழியர்களுக்குக் கட்டடத்துக்குள் முழு இலவசச் சாப்பாடு போடக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே உணவகங்கள் ஆளில்லாமல் கிடக்கக்கூடாது என்ற கவலைதான் காரணம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2018-இல், சான் பிரான்சிஸ்கோவிலும் புதிய அலுவலகங்களில் கேன்டீன் வைப்பதையே தடுக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது.

தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரவு வேலை பார்ப்பவர்கள், நடக்க முடியாதவர்கள், கருவுற்ற பெண்கள், மருத்துவர் சொன்ன உணவை மட்டுமே சாப்பிட வேண்டியவர்கள், இவர்களுக்கெல்லாம் கேன்டீன் பெரிய துணை. அதை மூடாதீர்கள். ஆனால் மற்றவர்களின் சாப்பாட்டுக்காக உள்ளே செலவழிக்கும் தொகையில் ஒரு பகுதியையாவது, வெளியே எந்தக் கடையிலும் செல்லும் உணவுப்படியாக மாற்றிக் கொடுங்கள். எந்தக் கடை என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தயவுசெய்து ஒரே ஒரு பெரிய நிறுவனத்தோடு மட்டும் ஒப்பந்தம் போட்டு அந்தப் படியையும் அங்கேயே கட்டிப்போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது நேரம். சுற்றியுள்ள எல்லா அலுவலகங்களும் ஒரே மணிக்கு இடைவேளை விடுகின்றன. ஒரு சின்ன உணவகத்தில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை நின்று பாருங்கள். பன்னிரண்டே காலுக்கு மேசைகள் துடைத்துக் காலியாக இருக்கும். பரிமாறுகிறவர் தண்ணீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருப்பார். ஒரு மணிக்கு வாசலுக்கு வெளியே வரிசை நிற்கும். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நிற்பார். கல்லாவில் இருப்பவர் சில்லறை எண்ணிக்கொண்டே சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே திரும்பிப் போவார்கள். இரண்டு மணிக்கு மீண்டும் மேசைகள் காலி. அந்த ஒரு மணி நேரத்தில் வருவதைக் கொண்டுதான் அவர் நாள் முழுவதுக்குமான வாடகையையும் கூலியையும் கொடுக்க வேண்டும். இருபது நாற்காலி வைத்திருப்பவரால் அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும் நாற்பது போட முடியாது. உங்கள் பிரிவுகளில் ஒன்றைப் பன்னிரண்டுக்கும், இன்னொன்றைப் பன்னிரண்டே முக்காலுக்கும், மூன்றாவதை ஒன்றரைக்கும் விட்டால், அதே இருபது நாற்காலியில் இரு மடங்குப் பேர் நிம்மதியாகச் சாப்பிடலாம். லிஃப்ட் வரிசையும் குறையும். இதற்கு உங்களுக்கு ஒரு காசு செலவில்லை.

வாரத்தின் நாட்களும் அப்படித்தான். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வழக்கம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் செவ்வாய், புதன், வியாழனில் வந்து, திங்களும் வெள்ளியும் வீட்டில் இருக்கிறோம். சமைத்த உணவையும் வாங்கிய காய்கறியையும் கடைக்காரர் அந்த மூன்று நாட்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள முடியாது. வேலைக்கு ஆள் வைத்தால் வாரம் முழுவதும் கூலி கொடுக்க வேண்டும். நகர மையத்திலிருந்து குடியிருப்பும் வணிகமும் விளிம்புக்கு நகர்வதைப் பொருளாதார அறிஞர்கள் அர்ஜுன் ரமணியும் நிக்கோலஸ் ப்ளூமும் 2021-இல் அமெரிக்க நகரங்களில் ஆராய்ந்து காட்டினார்கள். ஓர் அலுவலகம் மட்டும் இதைத் திருப்பிவிட முடியாதுதான். ஆனால் எந்தப் பிரிவு எந்த நாளில் வரவேண்டும் என்பதை வாரம் முழுவதும் பிரித்துப் போடுவது உங்கள் கையில் இருக்கிறது.

கட்டடத்தின் தரைத்தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டென்மார்க்கைச் சேர்ந்த நகரக் கட்டடக்கலைஞர் யான் கேல், நடப்பவருக்குச் சலிப்பில்லாத தெருவில் 100 மீட்டருக்கு 15 முதல் 20 கடைவாசல்கள் இருக்கும் என்று கணக்குச் சொன்னார். அப்படியானால் நான்கைந்து விநாடிக்கு ஒருமுறை கண்ணுக்குப் புதிதாக ஏதாவது படும். உங்கள் கட்டடத்தின் முகப்பில் பளிங்குத் தரையும், யாரும் உட்காராத இரண்டு சோபாவும், அதை மறைக்கும் நீண்ட கண்ணாடிச் சுவரும்தான் இருக்கின்றன. வெயிலில் அதைக் கடந்து நடப்பதே ஒரு தண்டனை. அதில் பாதியைப் பிரித்துச் சிறிய கடைகளுக்கு, அவர்களால் தாங்கக்கூடிய வாடகைக்கு விடுங்கள். பெரிய கடை ஒன்றுக்கு மொத்தமாக விட்டால் வசூல் எளிது என்று உங்கள் கட்டட மேலாளர் சொல்வார். சொல்லட்டும், தெருவுக்கு எது நல்லது என்பதையும் அவரிடம் கேளுங்கள்.

மதுக்கூடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீடு, வேலையிடம் இரண்டுக்கும் அப்பால் மனிதர்கள் கூடிப் பேச ஒரு மூன்றாம் இடம் வேண்டும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் எழுதியபோது, காபிக்கடையோடும் முடிதிருத்தும் கடையோடும் மதுக்கூடத்தையும் சேர்த்தார். அதை நான் ஏற்கிறேன். மாலை ஆறு மணிக்கு, பாட்டுச் சத்தம் கூட்டப்படுவதற்கு முன், ஒரு சின்ன மதுக்கூடத்தின் மூலை மேசை பேசுவதற்கு அருமையான இடம். குடிக்காதவரும் அங்கே உட்காரலாம், கேட்டால் பழச்சாறு தருவார்கள். ஆனால் நிறுவனத்தின் பிரிவுபசாரமும் வெற்றி விழாவும் புதியவர் வரவேற்பும் எப்போதும் மதுக்கூடத்தில், எப்போதும் இரவில் நடந்தால், குடிக்காதவர்களும், குழந்தையை அழைத்துவரப் போக வேண்டியவர்களும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்படுகிறார்கள். பதவி உயர்வுக்கு உதவும் பேச்சுகள் அந்த மேசையில் நடந்துவிடுகின்றன என்பது உங்களுக்கும் தெரியும். மதுக்கூடத்துக்குப் போவதை நாங்கள் விரும்பியபடி விட்டுவிடுங்கள். அலுவலக விருந்துகளை மதியத்தில், ஒவ்வொரு முறையும் வேறு ஒரு சிறிய உணவகத்தில் வையுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முறைவைத்து ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். பத்து ஆண்டுகளாக ஒரே வழியில் வந்து போனவர்கள்கூட அன்று புதிய தெரு ஒன்றைப் பார்ப்பார்கள்.

வேலைநேர அட்டவணையை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறீர்கள். அடுத்த அட்டவணை போடும் முன், ஒரு மணி நேர இடைவேளையையும் பிரிவுவாரியான நேரத்தையும் மூன்று மாதம் சோதனையாக நடத்திப் பாருங்கள். அரை மணி நேரம் கூடுவதால் மாலையில் அரை மணி தாமதமாகக் கிளம்புவதா, காலையில் முன்னதாக வருவதா என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யட்டும். சீக்கிரம் வீடு திரும்ப விரும்புகிறவர்கள் அரை மணி நேரத்தையே வைத்துக்கொள்ளட்டும். சோதனை முடிந்ததும் எங்களிடமும் கேளுங்கள், சுற்றியுள்ள கடைக்காரர்களிடமும் கேளுங்கள். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துவர நானும் உடன் வேலை பார்ப்பவர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
நகர மையத்தில் வேலை பார்க்கும் ஓர் ஊழியர்