தீபாவளி வாணமும் வாடிவாசலும்: எந்த லென்ஸ், என்ன செட்டிங்

நண்பர்களே, தீபாவளி இரவு மாடியில் கூடுவது முடிவானதிலிருந்து எந்த லென்ஸ் கொண்டுவருவது என்று ஆளாளுக்குத் தனியாகக் கேட்கிறீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாணத்துக்கு விலை உயர்ந்த லென்ஸ் தேவையே இல்லை, கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸே போதும், ஆனால் ட்ரைபாட் இல்லாமல் வராதீர்கள். ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 8 முதல் 11 வரை, ஷட்டர் பல்ப் மோடில், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். வாணம் சீறிக் கிளம்பும்போது திறந்து, பூ விரிந்து உதிரத் தொடங்கியதும் மூடுங்கள், பெரும்பாலும் 2 முதல் 4 விநாடி வரும். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், அதனால் தூரத்துத் தெருவிளக்கில் ஃபோகஸ் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். போன வருடம் நான் அதை மறந்து, முதல் நாற்பது படத்திலும் தீப்பொறிக் கோடெல்லாம் புழு மாதிரி நெளிந்து கிடந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், புகை மண்டுவதற்குள் நல்ல படங்களை எடுத்துவிட வேண்டும்.

காணும் பொங்கலன்று அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு வருகிறவர்களுக்கு எல்லாமே தலைகீழ். கேலரியிலிருந்து எடுக்க 70-200 வேண்டும், 100-400 இருந்தால் இன்னும் நல்லது. ஷட்டர் 1/1000க்குக் கீழே போகக் கூடாது, ஐஎஸ்ஓ ஆட்டோ, ஓடும் காளையை விடாமல் பின்தொடர ஃபோகஸ் கன்டினியுவஸ், அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து படங்கள் விழ பர்ஸ்ட் மோட். காளை வாடிவாசலைத் தாண்டும் கணத்துக்கு முன்னாலேயே அழுத்தத் தொடங்குங்கள், பார்த்த பிறகு அழுத்தினால் வால்தான் கிடைக்கும்.

லென்ஸ் இரவல் வேண்டுபவர்கள் இன்றே சொல்லுங்கள், என்னிடம் ஒரு 70-200தான் இருக்கிறது.